ஒத்தாசைக் கணவர்

மனைவிக்கு ஒத்தாசை செய்யும் கணவர் என்றோர் இனம் இப்போது பல்கிப் பெருகிவருகிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஏனென்றால், நாலு பேர் பார்க்காமல் அவர் ஒரு டம்ளர்கூடக் கழுவமாட்டார்.

ஆணும் பெண்ணும் சமம் என்பது அவர் கொள்கை. லிஃப்ட்டில், சலூனில், அலுவலகத்தில், "எங்க வீட்டுல பாதி வேலை நான்தான்" என்பார். எந்தப் பாதி என்று கேட்டுவிடாதீர்கள். அவர் வெங்காயம் நறுக்க வேண்டுமானால், அதை எடுத்து, உரித்து, கத்தியும் பலகையும் கொண்டுவந்து வைத்து, அப்புறம் தோலைக் கூட்டி அள்ளி, "எவ்வளவு பொடியா நறுக்கியிருக்கீங்க" என்று பாராட்டவும் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? வேறு யார்!

எனக்குத் தெரிந்த ஒத்தாசைக்காரர் ஒருவரின் மனைவி, மருத்துவமனை மருந்துக் கிடங்கில் பன்னிரண்டு வருடமாக உதவியாளர். கிடங்குப் பொறுப்பாளர் பதவிக்கு ஞாயிறு காலை வீடியோவில் நேர்காணல். இதைக் கோட்டைவிட்டால் காலம் முழுக்க உதவியாளர்தான்.

"நீ கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியாப் பேசு. இன்னைக்கு சமையல் என்னோடது" என்றார் நம்மவர். அம்மணி கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் வந்த மூன்று அதிகாரிகளுக்கு வணக்கம் சொன்னார்.

மூன்றாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, மிளகு எங்க?"

"மேல்தட்டு, ரெண்டாவது வரிசை, நீல மூடி."

"எண்ணெய்?"

"அடுப்புக்குக் கீழ. பழசு முன்னாடி இருக்கும், அதை முதல்ல எடுங்க."

"தலைவலி மாத்திரை?"

"அலமாரியில மூணாவது டப்பா. ஆறுதான் மிச்சம். தனியா இருக்கிற வெள்ளை அட்டையைத் தொடாதீங்க, தேதி முடிஞ்சது."

பன்னிரண்டு வருட ஆசை மிளகோடு போயிற்று என்று அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த பெண்மணி கேள்வித்தாளை மடித்துவைத்தார்.

"நாங்க கேட்க வேண்டியதை எல்லாம் உங்க வீட்டுக்காரரே கேட்டுட்டாரும்மா. எப்ப சேர்றீங்க?"

நம்மவர் இப்போது லிஃப்ட்டில் என்ன சொல்கிறார் தெரியுமா? "என் ஒத்தாசை இல்லேன்னா அவளுக்கு இந்தப் பதவி கிடைச்சிருக்குமா?" வயிற்றெரிச்சல் என்னவென்றால், மறுத்துப் பேச வழியில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இதைப் படிக்க உட்காரும்முன் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று குரல் கொடுத்தீர்களே, தேடி எடுத்துத் தந்தது யார்?