ஊரையே பங்காளியாக்கிய மூக்கு

கருவடிக்குப்பத்தில் ஒரு மூக்கு இருந்தது. சாதாரண மூக்கு அல்ல. உங்கள் வீட்டு வாசல்படி மண்ணில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனால், மோந்து பார்த்துவிட்டு உங்கள் குலதெய்வம் எது என்று சொல்லிவிடும். அந்த மூக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த மனிதரின் பெயர் மண்வாசனைச் சித்தர் ஆதிமூலம்.

கூட்டமா? அதைக் கேட்காதீர்கள்! வரிசையின் வால் லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதையில் கிடந்தது. இறங்க இடமில்லாமல் ஒரு விமானம் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. (ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். பாதியைக் கழித்துவிடுங்கள், மீதியே போதும்.)

எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் பஞ்சாலை வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவை. அண்டா குண்டானை மறக்காமல் எடுத்து வந்தவர்கள், குலதெய்வத்தை மறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைக்கு மொட்டை போடும்போது சம்பந்தி கேட்பார்: "உங்க குலதெய்வம் எது?" பதில் தெரியாவிட்டால் முகம் செத்துவிடும். ஆதார் அட்டை தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். குலதெய்வம் தொலைந்தால் நாம் யார் என்பதே தொலைந்துவிடுகிறதாம்!

சித்தர் கண்ணை மூடுவார். மண்ணை மோப்பார். ஒரு தும்மல் போடுவார். அருள் இறங்கிவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தூசி ஏறிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"அலைமேல் அழகி அம்மன்! கனகசெட்டிக்குளத்துல உக்காந்துகினு உனக்காக அழுவுறாடா!"

ஆட்டோக்காரருக்கு அலைமேல் அழகி. பேராசிரியருக்கு அலைமேல் அழகி. கடற்கரைச் சாலை விடுதியில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், வேடிக்கைக்கு விடுதி வாசல் மண்ணை அள்ளி வந்தார். அவருக்கும் அவளேதான். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் இத்தனை காலம் கழித்து, அவன் எங்கள் பங்காளி என்பது தெரியவந்தது!

ஏன் எல்லோருக்கும் ஒரே அம்மன்? அந்தக் கோயில், சித்தரின் மாமனார் இருசப்பனின் மனையில் போன வருஷம் போட்ட தகரக் கொட்டகை. குலதெய்வம் என்று ஒருமுறை மண்டையில் ஏறிவிட்டால் மொட்டை, காதுகுத்து, கூழ், கிடா எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கேதான். கடையில் ஒரே சரக்கு. வாடிக்கையோ பரம்பரை வாடிக்கை.

எல்லாம் சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுடர்விழியின் கல்யாணம் வரும்வரை.

சுடர்விழி என் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வனின் மகள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. லாஸ்பேட்டை செம்மலும் அவளும் காதலித்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, மண்டபமும் பேசியாயிற்று. பத்திரிகை அடிக்க வேண்டும். அதன் தலையில் 'குலதெய்வம் துணை' என்று போட வேண்டுமே! இரண்டு அப்பாக்களும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு மஞ்சள் முடிப்போடு மூக்கிடம் போனார்கள்.

மறுநாள், பத்திரிகைக்காகக் கலைச்செல்வன் எழுதி அனுப்பிய தெய்வத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, செம்மலின் அப்பா சாமிக்கண்ணு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கலைச்செல்வா, கல்யாணத்த நிறுத்து! உனக்கும் எனக்கும் ஒரே குலதெய்வம். நாம பங்காளிங்க. புள்ளைங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி. ஊரே காறித் துப்பும்!"

கலைச்செல்வன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சுடர்விழி உட்காரவில்லை.

"நேத்து வரைக்கும் மாமா, இன்னைக்குப் பெரியப்பாவா? ராத்திரியோட ராத்திரியா ரத்தம் மாத்திக்கினீங்களா?"

"விளையாடாதம்மா. சித்தரு மூக்கு பொய் சொல்லாது."

"மூக்கு சொல்லாது மாமா. அதுக்குக் கீழ ஒண்ணு இருக்குதே, அது சொல்லும்."

வாசலில் நின்ற செம்மல் அழாத குறையாகச் சொன்னான்: "சுடரு, உன்ன தங்கச்சின்னு கூப்புட்டுப் பழகச் சொல்றாரு எங்கப்பா."

"கூப்புட்டுப் பாரு, பல்லு இருக்காது."

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுத் தெய்வம்தான் தெய்வம். பிறந்த வீட்டு மண்ணை எந்தப் பெண்ணும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதனால் புருஷன் வீட்டு மண்ணையும் பெண்டாட்டி வீட்டு மண்ணையும் யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் ஒரே அம்மனைக் கொடுத்தும் சித்தர் மாட்டாமல் இருந்த ரகசியம் அதுதான். சுடர்விழிக்கு அது பளிச்சென்று பிடிபட்டது.

"செம்மலு, ஸ்கூட்டிய எடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் வழக்கம்போல, அதாவது, திருவிழாவைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சித்தர் பக்கத்தில் அவர் மனைவி தையல்நாயகி விபூதித் தட்டோடு. முன் வரிசையில், மருமகனின் பெருமையைக் கண்குளிரப் பார்க்க மாமனார் இருசப்பன்.

செம்மல் ஒரு முடிப்பை நீட்டினான். மோப்பு. தும்மல். "அலைமேல் அழகி!"

இருபது பேர் தள்ளி நின்ற சுடர்விழி தன் முடிப்பை நீட்டினாள். மோப்பு. இரட்டைத் தும்மல். "அலைமேல் அழகி!"

"சாமி, மைக்குல சொல்லுங்க. இந்த வாக்கு மாறாதே?"

"பிரம்மா வந்தாலும் மாறாது!" என்று மைக் அதிர்ந்தது.

"அப்ப இந்த ரெண்டு மண்ணுக்காரங்களும் பங்காளிங்க. பொண்ணு குடுத்து எடுக்கக் கூடாது?"

"கூடவே கூடாது! மகா பாவம்!"

சுடர்விழி செல்போனை உயர்த்திப் பிடித்தாள். "அவரு குடுத்தது உங்க வீட்டு வாசல் மண்ணு சாமி. நான் குடுத்தது உங்க மாமனாரு வீட்டு வாசல் மண்ணு. 'கோயிலுக்கு மனை குடுத்த புண்ணியவான் வீட்டு மண்ணு வேணும்'னு கேட்டோம். அவரே அள்ளிக் குடுக்கறாரு, வீடியோவப் பாருங்க. அப்ப தையல்நாயகி அக்கா உங்களுக்குத் தங்கச்சிதானே?"



விபூதித் தட்டு கீழே விழுந்தது. தையல்நாயகி எழுந்தாள். "யோவ்! ரெண்டு புள்ளயப் பெத்துக் குடுத்துட்டு நிக்கறேன். தங்கச்சின்றியா என்ன?"

"அடியே, அது வந்து... மண்ணு கலந்துபோச்சி..."

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்க குலசாமி முனீஸ்வரன்னு எங்கப்பா சொன்னாரே! அப்ப உன் மூக்கு எங்கய்யா மேஞ்சிகினு இருந்துச்சி?"

இருசப்பனுக்கு வேறு கவலை. "ஆதிமூலம், நீ எனக்கு மருமவனா, மவனா? ஆடிச் சீரு செய்யறதா வேணாமா? அதச் சொல்லு மொதல்ல!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கடல் ஒரு முழம் பின்வாங்கியது. எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது: "நாங்கல்லாம் பங்காளின்னா அந்தக் கோயில் மனையில எங்களுக்கும் பங்கு உண்டுல்ல? பிரிச்சிக் குடு சாமி!" "ஆமா, பிரி! பிரி!" என்று ஊரே எழுந்தது. சித்தர் பின்பக்கச் சுவரேறிக் குதித்தார். மூக்குதான் முதலில் தரையைத் தொட்டது என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

சிரிக்காமல் நின்றவர் சாமிக்கண்ணு ஒருவர்தான்.

"அது பொய்யின்னா, எங்க குலதெய்வம்தான் எதும்மா? யாருன்னே தெரியாத ஆளா நிக்கறேனே..."

சுடர்விழியின் குரல் தணிந்தது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க மாமா. அதுல இன்னா அசிங்கம்? உங்கப்பா மில்லுல பஞ்சத் தின்னு இருமி இருமி உங்கள வளர்த்தாரு. கூலி கேட்டு மில்லு வாசல்ல போராடி நின்னாரு. அது தெரியும்ல? நீங்க யாருன்னு எவனாவது கேட்டா அதச் சொல்லுங்க."

சாமிக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவரு பேரு அம்மாவாச. பத்திரிகைல அத தலப்புல போடலாமா?"

"கொட்ட எழுத்துல போடலாம் மாமா."

போட்டார்கள். தை மாதம் கல்யாணமும் ஆயிற்று. தையல்நாயகி வந்திருந்தாள், தனியாக.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. சாமியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம், சரி. மண்டைக்குள் இருப்பதையும் ஏன் அங்கேயே கழற்றி வைக்கிறோம்? திரும்பி வரும்போது செருப்பையாவது தேடி மாட்டிக்கொள்கிறோமே!