அரை மணி நேரத்தில் இறங்குவது குற்றம்

எங்கள் ஊரில் இரண்டு அரண்மனைகள் உண்டு. மலையுச்சியில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. வெயில் காலத்துக்கு மேலே, குளிர் காலத்துக்குக் கீழே என்று ராஜா கட்டினாராம். அப்படித்தான் சுற்றுலாப் புத்தகம் சொல்கிறது. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால்தான் இரண்டு என்று ஊர் சொல்கிறது. எது எப்படியோ, இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பாதை இருக்கிறது. இறங்க அரை மணி நேரம் ஆகும். இதைக் கண்டுபிடிக்க நாங்கள் குழு எதுவும் அமைக்கவில்லை. கால் இருந்தது, நடந்தோம்.

என் மனைவிக்கு மேல் அரண்மனையில் நுழைவுச்சீட்டு கிழிக்கிற வேலை. எனக்குக் கீழ்வாசலுக்கு எதிரே ரொட்டிக்கடை. ஐந்து மணிக்கு அரண்மனையை மூடுவார்கள். ஐந்தரைக்கு அவள் வீட்டில் இருப்பாள். செருப்பைக் கழற்றுகிற அதே வேகத்தில் அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் கடையை மூடிவிட்டுக் கைகழுவும்போது சாப்பாடு தயாராக இருக்கும். இப்படி ஒழுங்காக ஓடுகிற குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊருக்கு மலைநடைப் பாதைகள் மேம்பாட்டு அலுவலகம் வந்து சேர்ந்தது.

அதன் இயக்குநர் நல்ல மனிதர். பாரமான மனிதரும்கூட. அலுவலக மாடிப்படி ஏறினாலே நாற்காலி கேட்பார். ஒரு பாதை என்றால் அதற்குப் பெயர் வேண்டும், எண் வேண்டும், நேரம் வேண்டும் என்று சொல்லி, நேரத்தை அளக்கத் தாமே நேரில் இறங்கினார். கூடவே ஆறு அலுவலர்கள், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு புகைப்படக்காரர். நடுவழியில் அவர்களுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான், அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். வளைவுக்கு வளைவு உட்கார்ந்தார். சாப்பிட்டார். சாப்பிட்ட களைப்பில் தூங்கினார். எழுந்து, தூங்குவதற்கு முன் எடுத்த படம் சரியில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார். ஒருவருடைய செருப்பு அறுந்தது, அதைத் தைக்க ஊசி தேடி ஒருவர் மேலே போனார். இருட்டுகிற நேரத்தில் எல்லாரும் கீழே வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் பலகை நட்டார்கள்: 'எழில்மிகு பாரம்பரிய மலைநடைப் பாதை எண் ஒன்று. தரம்: கடினம். நடை நேரம்: நான்கு மணி.'

ஊரே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்று சாயங்காலத்தோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

மேல்வாசலில் புறப்படுகிற நேரம் குறித்து வட்டமான ஓர் அட்டை வில்லை கொடுப்பார்களாம். கீழ்வாசலில் காவலர் அதை வாங்கிப் பார்ப்பாராம். காவலர் எங்கள் தெருப்பையன்தான், புதுச் சீருடையில் விறைத்துக்கொண்டு நின்றான். என் மனைவி வில்லையை நீட்டினாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அதுல போட்டிருக்கே, அஞ்சுக்கு."

"இப்போ அஞ்சரை. அப்போ நீங்க இந்தப் பாதையில வரலை."

"பின்னே பறந்தா வந்தேன்?"

"பாதைன்னா நாலு மணி நேரம். அரை மணியில வந்தீங்கன்னா குறுக்கே காட்டுக்குள்ள புகுந்து வந்திருக்கீங்க. அது பாதுகாக்கப்பட்ட காடு. குற்றம். மேல போய் முறைப்படி இறங்கி வாங்க."

நான் கடையிலிருந்து பாய்ந்து வந்தேன். "டேய், நீ சின்ன வயசுல இதே பாதையில டயர் உருட்டிக்கிட்டு பத்து நிமிஷத்துல வந்தவன்தானே? உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணே. இதுக்குத் தெரியாதே" என்று சட்டையைத் தொட்டுக் காட்டினான்.

மறுநாளிலிருந்து அவள் ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். காலையில் ஏறும்போது தொல்லையில்லை, காவல்காரப் பையன் எழுந்திருக்க மாட்டான். இறங்கும்போதுதான் சட்டம். மேலே வேலை பார்க்கிற எல்லாருக்கும் இதே கதிதான். நேரம் கழிகிறவரை வழியில் உட்கார வேண்டியிருந்ததால், அலுவலகம் கருணையோடு பெஞ்சுகள் போட்டுக்கொடுத்தது. 'ஓய்வு கட்டாயம்' என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது.

நான் இயக்குநரிடம் போனேன்.

"ஐயா, அது அரை மணி நேரப் பாதை."

"யாருக்கு?"

"நடக்கிறவங்களுக்கு."

"அப்போ நான் அன்னிக்கு என்ன உருண்டா வந்தேன்?"

உண்மையில் அதுவும் நடக்கப் பார்த்தது, ஆனால் சொல்லவில்லை. "நடுவுல தூங்கினீங்களே ஐயா" என்றேன்.

"அது தூக்கமில்லை. இயற்கை ரசிப்பு. கண்ணை மூடி ரசிக்கிற முறை. பலகை தப்புன்னு சொல்றீங்களா, உங்க மனைவி தப்புன்னு சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இரண்டில் ஒன்றைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அலுவலகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

ஊர்க்காரர்கள் சேர்ந்து எதிர்ப்பார்கள் என்று பார்த்தால், அவர்கள் பூட்ஸ் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் தொப்பியும் ஊன்றுகோலுமாக வர, எங்கள் ஆட்களுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. பிறந்தது முதல் ரப்பர் செருப்பில் ஏறி இறங்கின தையல்காரர், கைக்கு ஒன்றாக இரண்டு கோல் பிடித்து, முதுகில் தண்ணீர்க் குழாய் வைத்த பையோடு கடைத்தெருவுக்கு வந்தார். "என்ன விஷயம்?" என்று கேட்டேன். "ட்ரெக்கிங். அப்படியே கால் கிலோ வெங்காயம்" என்றார். வெட்கம் என்பது ஒரு துளி இருக்க வேண்டாமா!

என் வீட்டு நிலைமையைக் கேளுங்கள். ரொட்டி சுடத் தெரிந்தவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "அப்பா, இது வேகலை" என்பாள் மகள். "மென்னு சாப்பிடு" என்பேன். என் சட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரியாமல் ஒரே சட்டையில் சில நாள் ஓட்டினேன். அதெல்லாம் போகட்டும். ஐந்தரை ஆனால் வாசலில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்காதா என்று இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், என் மனசு அவளைத் தேடியது. ஒன்பது மணிக்கு அவள் வருவாள், சாப்பிடுவாள், படுத்துவிடுவாள். ஆனால் முகம் மட்டும் ஏனோ தெளிவாக இருக்கும். பாவம், கஷ்டத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

மனுமேல் மனு போட்டேன். தலைமையகத்துக்கே எழுதினேன். அவர்கள் என் மனுக்களைப் படித்தார்களா என்று தெரியாது. ஆனால் ஒருநாள் தலைமை இயக்குநரே பார்வையிட வந்தார். ஒல்லியான மனிதர், பறக்கிற அவசரம். மேல் அரண்மனையைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று இறங்கி வந்தார். எங்கள் இயக்குநர் இரண்டாவது வளைவில் தங்கிவிட்டார். கீழ்வாசலில் காவல்காரப் பையன் கையை நீட்டினான்.

"வில்லை?"

"நான் யார் தெரியுமா?"

"தெரியும் ஐயா. காட்டுக்குள்ள புகுந்து வந்தவர். மேல போய் முறைப்படி இறங்கி வாங்க."

அந்தப் பையன் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது. கூட வந்த அதிகாரிகள் கெஞ்சியும் அவன் வாசல் சங்கிலியை அவிழ்க்கவில்லை. தலைமை இயக்குநர் மேலே போனார். முறைப்படி இறங்கினார். அவர் போக வேண்டிய கூட்டம் அவர் இல்லாமலே முடிந்தது.

மறுநாளே உத்தரவு வந்தது. தவறு என்று அரசாங்கம் எழுதுமா? 'அலுவலகத்தின் இடைவிடாத பராமரிப்புப் பணிகளின் பயனாக, மேற்படி பாதை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. இனி நேரம்: அரை மணி.' சுருக்கிய சாதனைக்காக எங்கள் இயக்குநருக்கு மாலை போட்டார்கள். போடட்டும், எனக்கென்ன? என் மனைவி ஐந்தரைக்கு வருவாள்.

அன்று சீக்கிரமே கடையை மூடினேன். காய் நறுக்கி அடுப்புப் பக்கம் எடுத்து வைத்தேன், அவள் வந்ததும் சமைக்க வசதியாக இருக்கட்டும் என்று. ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. கால் கீல் பிசகியிருக்குமோ, மயக்கம் கியக்கம் வந்திருக்குமோ என்று பாதையில் ஓட்டமாக ஏறினேன்.

மூன்றாவது வளைவுப் பெஞ்சில் இருந்தாள். காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் தையல்காரரின் மனைவி, அவள் மேலே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொரு பக்கம் மேலே இருக்கிற பள்ளிக்கூட டீச்சர். நடுவில் வறுத்த கடலைப் பொட்டலம். ஏதோ சொல்லி மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லையே."

"பின்னே இங்கே என்ன பண்றே? பலகையைத்தான் மாத்தியாச்சே!"

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்றாள்.

கடலைப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

"பதினஞ்சு வருஷமா இதுல ஏறி இறங்கறேன். கீழ் அரண்மனைக்கு இந்தப் பக்கம் ஒரு மாடம் இருக்குதுன்னு இப்பத்தான் பார்த்தேன். சாயங்கால வெயில் பட்டா அது எப்படி இருக்கு தெரியுமா? வாசப்படி மிதிச்ச நிமிஷம் 'ஏய் என் சட்டை எங்கே', 'அம்மா பசிக்குது'. இங்கே இருக்கிற வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடலைங்க. அந்த நாலு மணி நேரம் அரசாங்கமே கொடுத்தது. அதை நீங்க மனுப் போட்டுப் பிடுங்கிட்டீங்க."

"உனக்காகத்தானே போட்டேன்!"

"எனக்கு வேணும்னு நான் எப்போ சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதாக நினைவில்லை. நான் கேட்டதாகவும் நினைவில்லை.

அந்த வாரமே டீச்சர் அழகான நடையில் ஒரு மனு எழுதினார். 'மழையாலும் இயற்கையின் வளர்ச்சியாலும் பாதை மீண்டும் பழைய அளவுக்கு நீண்டுவிட்டதால்' நேரத்தை நான்கு மணியாக்க வேண்டும் என்று கோரிக்கை. இயக்குநர் பூரித்துப்போனார். "நான் அன்னிக்கே சொன்னேனே, கேட்டீங்களா?" என்றார். புகார் கொடுத்தவரே முதல் கையெழுத்துப் போட்டால் ஒரே நாளில் உத்தரவு என்றும் சொன்னார்.

போட்டேன். பக்கத்தில் நின்ற தையல்காரர் இரண்டு கோலையும் தரையில் ஊன்றிக்கொண்டு என்னை முறைத்தார். "உமக்கென்ன பைத்தியமா? சொந்தச் செலவுல சூனியம் வைக்கிறீரே!"

"மலையைச் சுத்தி ரெண்டாம் நம்பர் பாதை திறக்கறாங்களாம். பலகைகூட எழுதியாச்சு. நேரம் ரெண்டு நாள்னு போட்டிருக்கு. நான் கையெழுத்துப் போடலைன்னா மூணு பேரும் இனிமே அந்த வழியாத்தான் வீட்டுக்கு வருவாங்களாம்."

தையல்காரர் கோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.