காதருக்கு நஷ்டம் எழுத மாட்டேன்

மேற்கு மாம்பலம்,
மாசி மாதம், 1973

உயர்திரு வைரவன் மாமா அவர்கள்,
கருப்பட்டி மொத்த வியாபாரம், உடன்குடி.

பெரும் மதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மூத்த மருமகன் கருணாகரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுதும் கடிதம். நானும் தங்கள் மகள் தங்கபுஷ்பமும் இங்கே சௌக்கியம். தாங்களும் அத்தையும் நலமாக இருக்கவும், கிட்டங்கியில் இருக்கும் கருப்பட்டிச் சிப்பங்கள் ஈரம் படாமல் இருக்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? அத்தை கொடுத்தனுப்பிய சில்லுக்கருப்பட்டி போன வாரம் நிறைந்துவிட்டது. 'தீர்ந்தது' என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை என்பதால் இப்படி எழுதுகிறேன். அடுத்த பொட்டலம் அனுப்பினால் நல்லது.

நிற்க. போன வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தபோது, பாண்டி பஜாரில் பட்டன், ஜிப், லேஸ் விற்கும் சொந்தக் கடை ஒன்று போடலாமென்றிருக்கிறேன், தாங்கள் முன்னின்று கைகொடுக்க வேண்டும் என்று தலையைச் சொறிந்தேன் அல்லவா? தாங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கணக்கு தெரியாம கடை எதுக்கு மாப்ள? மொதல்ல புக்கீப்பிங் படிச்சு ஒரு பாஸ் வாங்கிட்டு வாங்க, பொறவு பேசுவோம்" என்றீர்கள். என்ன பாஸ் மாமா என்று கேட்டதற்கு, "நல்லதா ஒண்ணு பாத்து எடுங்க" என்றீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது மாமா, என் கஷ்டமெல்லாம் அந்த 'நல்லதா ஒண்ணு' என்பதில்தான் ஆரம்பித்தது. நான் தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பகுதியில் நிற்கிறவன். நல்லதா ஒண்ணு என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்த எந்தக் குடும்பமும் பொழுதோடு வீடு போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்பேர்ப்பட்ட விஷயத்தைத் தனியாக எடுக்கக் கூடாது என்று தங்கபுஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். கீழே டைப்ரைட்டிங், மாடியில் புக்கீப்பிங். நடத்துகிறவர் பஞ்சாபகேசன் என்று ஒரு பெரியவர். "சர்க்கார் பரீட்சை. லோயர் இருக்கு, ஹையர் இருக்கு. எது வேணும்?" என்றார். நான் பழக்கதோஷத்தில் கைகட்டி நின்றபடி, "வேற ரகம் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தங்கபுஷ்பம் சும்மா இருந்தாளா? "மாதிரிக்கு ஒண்ணு காட்டுங்க" என்றாள். அவர் சுவரில் மாட்டியிருந்த தம் சர்டிபிகேட்டையே கழற்றித் தர, அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓரமெல்லாம் மஞ்சளாகுதே, ஹையர் வெளுக்காதா?" என்றாள். "அம்மா, ஹையர் எழுதணும்னா முதல்ல லோயர் பாஸ் பண்ணிண்டு வரணும். இது ஜவுளிக்கடை இல்லை" என்று அவர் சர்டிபிகேட்டைப் பிடுங்கி மாட்டினார். "சரி சார், பாத்துட்டு வர்றோம்" என்று கிளம்பினோம். நான் கடையில் தினமும் கேட்டு நொந்துபோகிற வார்த்தை, மாமா, என் வாயாலேயே வந்துவிட்டது.

எங்கள் ஜவுளிக்கடையில் பக்கத்துக் கவுண்டரில் பேன்ட் துணி கிழிக்கிற ஜவஹர் சும்மா இருந்திருக்கலாம். "மச்சி, சொந்தக் கடைன்னா செவுத்துல லண்டன் சர்டிபிகேட் தொங்கணும். அத்தப் பாத்துகினே பட்டன் வாங்கிடுவான்" என்றான். அவன் பேச்சைக் கேட்டு லண்டன் பாடத்தைத் தபாலில் வரவழைத்தேன். பாடம் முழுக்க ஒரு வெள்ளைக்காரர் பனியில் நிலக்கரி விற்கிறார். அதுவும் பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்கில். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார். அது மனப்பாடமான அன்றைக்கு லஸ்ஸில் பஞ்சாபகேசன் எதிரே வந்தார். பெருமையாக ஒப்பித்தேன். "அவாளே அதை விட்டுட்டா ஓய்! இப்போ ஒரு பவுனுக்கு நூறு பென்ஸ். நீர் யாருக்கு இதைப் படிச்சிண்டிருக்கீர்?" என்றார். மாமா, வெள்ளைக்காரன் தலைமுழுகின கணக்கை மாம்பலத்தில் நான் ஒருத்தன் கட்டிக் காப்பாற்றியிருக்கிறேன்.

அதற்குள் ஆடித் தள்ளுபடியே வந்துவிட்டது. ஒருவழியாகப் பஞ்சாபகேசனிடம் லோயரிலேயே சேர்ந்தேன். தனியாக விட்டால் மறுபடி வேறு ரகம் பார்க்கப் போய்விடுவேன் என்று தங்கபுஷ்பமும் கூடவே வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். "முதலாளி வேற, கடை வேற" என்று வாத்தியார் பாடம் நடத்தினார். நானேதானே சார் கடை என்றேன். "நீரே முதலாளியா இருந்தாலும், கடையிலேர்ந்து ஒரு ஜிப் எடுத்து உம்ம பேன்ட்ல வெச்சிண்டா கணக்குல எழுதணும்" என்றார். இது என்ன அநியாயம் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். தங்கபுஷ்பம் மட்டும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எழுதுறதுதான் நல்லது" என்றாள்.

பரீட்சை வெள்ளிக்கிழமை வந்தது. "மொத மொதலா நீங்க எழுதுற கணக்கு, மங்களமா எழுதுங்க" என்று தங்கபுஷ்பம் திருநீறு பூசி அனுப்பினாள். தானும் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிப் பின்னாலேயே கிளம்பினாள். நான் பேப்பரில் பிள்ளையார் சுழி போட்டு, துணி அளக்கும்போது சொல்கிற மாதிரியே முதல் கேள்விக்கு 'ஒன்று' என்று போடாமல் 'லாபம்' என்று போட்டேன். கேள்வி என்னவென்றால், காதர் என்று ஒரு அரிசி வியாபாரி, அவருடைய வருஷக் கடைசிக் கணக்கை முடிக்க வேண்டும். முடித்தேன். நஷ்டம் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் நஷ்டம்! பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டேன் மாமா. கடையில் கேட்ட சரக்கு கைவசம் இராவிட்டால்கூட இல்லை என்று சொல்லாமல் 'வரும்' என்று சொல்லிப் பழகினவன் நான். வெள்ளிக்கிழமை காலை, திருநீறு காயாத நெற்றியோடு, முன்பின் தெரியாத ஒரு மனுஷன் கடைக்கு என் கையால் எப்படி அந்த வார்த்தையை எழுதுவேன்? ஆகவே காதருக்கு ஒத்தாசை செய்தேன். வாடகை அதிகமாகத் தெரிந்தது, வீட்டுக்காரரிடம் பேசிக் குறைத்தேன். கழித்துக்கட்டச் சொன்ன மூட்டைகளை ஆடித் தள்ளுபடியில் விற்றுத் தந்தேன். அரைவாசலில் பட்டன் கடை வைக்க ஓர் ஆளுக்கு இடம் விடவும் சொன்னேன். லாபம் கொட்டிவிட்டது! சாயங்காலம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். தங்கபுஷ்பமும் அப்போதுதான் வந்தாள். விரலில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது, கோயில் தூணில் பட்டிருக்கும் என்றாள்.

போன மாதம் முடிவு வந்தது. நான் பாஸாகவில்லை. காதருக்கு நான் செய்த ஒத்தாசையைச் சொன்னதும் பஞ்சாபகேசன் தலையில் கைவைத்துக்கொண்டார். "கணக்கைத்தானே ஓய் முடிக்கச் சொன்னான்? கேள்வித்தாள்ல இருக்கறவனுக்கு நீர் ஏன் வியாபாரம் பண்ணினீர்? அத்தனையும் டாலி ஆயிருக்கும், அதான் என் வயித்தெரிச்சல்!" என்றார். பாண்டி பஜாரில் நான் வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கும் கடையின் சொந்தக்காரர் ஹபீபுர் ரஹ்மான் பாயோ, "இன்னா நைனா, உனுக்கோசரம் எம்மா நாளு பூட்டி வெச்சிகினு கீறது? வாட்ச் ரிப்பேர்காரன் டெய்லி வந்து நின்னுகினு கீறான். பங்குனி பொறந்தா சாவி அவனுக்குத்தான், சொல்ட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகையாக வருகிறது மாமா. அந்தக் கடையில் எந்தத் தட்டில் எந்தப் பட்டன் என்பதுவரை மனதில் அடுக்கி வைத்திருக்கிறேன். இன்னொருத்தர் கடையில் புடவை மடித்தே என் காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே, மறுபடி லோயரா, அல்லது லண்டன்காரன் புதுக் கணக்கில் பாடம் போட்டிருந்தால் அதுவா, எது நல்ல ரகம் என்று தாங்களே ஒன்றை எடுத்துச் சொல்லிவிடுங்கள். தங்கள் பதில் வருகிறவரை அந்தச் சாவியைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன். இது சத்தியம். நான் தோற்ற விஷயம் தங்கபுஷ்பம் மூலமாகத் தங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். சிப்பம் தூக்கும் ஆட்கள் வரைக்கும் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் வடக்கு முகமாகத் திரும்பி ஒரு தடவை கையை உயர்த்தினால் போதும், ஆசீர்வாதம் மாம்பலம் வந்து சேர்ந்துவிடும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
கருணாகரன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். தபாலில் போடச் சொல்லித் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தேன். அவள் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டாள். பாய் கடைச் சாவி! அன்றைக்கு அவள் கோயிலுக்கே போகவில்லையாம்; பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து அதே பரீட்சையை எழுதி, லோயர் பாஸும் செய்து, தங்களுக்கு எழுதி, தாங்களும் சரி என்று பதில் போட்டு, எல்லாம் முடிந்திருக்கிறது. காதரை என்னடி செய்தாய் என்று கேட்டேன். "நஷ்டம்னா நஷ்டம். அவரு என்ன நம்ம சொக்காரரா, சொந்தமா?" என்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை கடை திறப்பு. பெயர்ப்பலகையில் அவள் பெயர்தான். முதலாளி வேறு, கடை வேறு, நான் வேறு; எனக்குப் பட்டன் எண்ணும் வேலை. சந்தோஷத்தில் இப்போதே வாய்க்குள் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. கிழித்தால் அது கடைக்கு நஷ்டம் என்று எழுதியே தீருவேன் என்று பேனாவோடு நிற்கிறாள். அதைப் பார்க்க மனமில்லாமல் அனுப்பியிருக்கிறேன்.