மைக்கைக் கீழே வைத்த புருல்

காரகோல்

அன்புள்ள தம்பி மார்லெனுக்கு அண்ணன் டோக்டோசுன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் ஆடுகளும் நலம். உன் வீட்டு நலத்தையும் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். எனக்கு அவசரம்.

விஷயம் என் மகள் புருல். கல்யாண மேடையில் பேசிச் சிரிக்க வைப்பதில் இந்த ஏரிக்கரை முழுக்க அவளை அடிக்க ஆளில்லை. சில வருஷம் முன்னால் அப்படி ஒரு கல்யாணத்தில் திடீரென்று மணப்பெண் நாஸிக்கைக் காணோம், தேடப்போன புருலையும் காணோம், ஆட்டிறைச்சி ஆறுகிறது, மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்துத் தன் மூலவியாதியை விவரிக்கத் தொடங்கிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், கோட்டு மாட்டும் அறையில் நாஸிக் தரையில் உட்கார்ந்து அழுகிறாள், பக்கத்தில் இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி பண்றே? ஒரு ஜோக்கைச் சொல்லிக் கூட்டிட்டு வா!"

"இவளுக்கு இப்ப சிரிப்பு வேண்டாம்ப்பா. கதவைச் சாத்திட்டுப் போங்க."

கடைசியில் அந்தப் பெண் வாய் திறந்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். நின்றுபோயிற்று. இரண்டு வீட்டாரும் இன்னும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். மாப்பிள்ளை மட்டும் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னான், அவனுக்கும் மனசு வேறிடத்தில்தானாம்!

அத்தோடு விட்டாளா? மைக்கைக் கீழே வைத்துவிட்டு, முப்பது தாண்டியவள், சின்னஞ்சிறுசுகளோடு உட்கார்ந்து மருத்துவ உளவியல் படித்தாள். இப்போது இங்கே ஆஸ்பத்திரியில் பயிற்சி. சந்தைக்குப் போனால், "உங்க பொண்ணு பைத்தியக்கார டாக்டராமே?" என்கிறார்கள்.

"சும்மா ஒக்காந்து கேக்கறதுக்கு எதுக்குடி இத்தனை வருஷப் படிப்பு?" என்றேன்.

"நம்ம குடும்பத்துல பொறந்துட்டு, வாயை மூடக் கத்துக்க அவ்வளவு ஆகும்ப்பா."

நீ தலைநகரில் இருப்பவன், சித்தப்பா சொன்னால் கேட்பாள். நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லி மேடைக்குத் திருப்பி அனுப்பு.

உன் பிள்ளைகள் ஓங்கி வளரட்டும், உன் அடுப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும்.

அண்ணன் டோக்டோசுன்

பி.கு.: இன்று சாப்பிடும்போது உன் அண்ணி, "எர்கினுக்கு இந்த ஜாம்னா உசிரு" என்றாள். நம் பையன் ஏரியில் மூழ்கிப் போன பிறகு இந்த வீட்டில் அவன் பெயர் கேட்டது இதுதான் முதல் தடவை. சொந்த அம்மாவுக்குத் தானே வைத்தியம் பார்க்கக்கூடாதென்று, புருல் அவளைத் தன் ஆஸ்பத்திரியிலிருக்கும் மூத்த டாக்டரம்மாவிடம் அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாமலே. நான் அழுதேன். பிறகு அவன் கழுதையிலிருந்து விழுந்த கதையைச் சொல்லி, புருலோடு மூன்று பேரும் சிரித்தோம். புருலைத் திட்டிவிடாதே, திட்டினால் அங்கேயே வந்து உதைப்பேன். புதன்கிழமை நானும் அந்த டாக்டரம்மாவிடம் போகிறேன். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்று மட்டும் உடனே எழுது.