காத்து கருப்பு பிடிக்கும் மெஷின்

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாத ஆளால் ஊருக்கு ஆபத்து இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டு, கையைக் காட்டி, வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். அரைகுறையாகத் தெரிந்தவரைத்தான் கட்டிப்போட வேண்டும். அவர் கையில் ஒரு மெஷினையும் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நான் பிறந்து வளர்ந்தது தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அப்பா, அம்மா இருவருக்கும் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வீட்டில் தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழ் எனக்குப் பெரும்பாலும் திட்டு வழியாகவே வந்து சேர்ந்தது. 'எந்திரி', 'தின்னு', 'வெளக்கமாத்தால அடிப்பேன்'. இந்த மூன்றை வைத்தே வீட்டில் காலம் ஓடிவிட்டது. பள்ளியில் இந்தி, சண்டையில் இந்தி, காதலில் இந்தி (அதுவும் சண்டையில்தான் முடிந்தது).

பட்டப்படிப்பு முடிந்ததும் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியலில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். ஊரிலிருந்து போன் செய்யும் பெரியப்பா, "அதென்னம்மா, கொசு மருந்து அடிக்கிற வேலையா?" என்பார். "இல்ல பெரியப்பா, காத்து, தண்ணி, மண்ணு எல்லாம் மனுஷங்க உடம்பை என்ன பண்ணுதுன்னு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள், "சரி சரி, கவர்மென்ட் வேலைதான?" என்று முடித்துவிடுவார்.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு எனக்கு வழிகாட்டி சக்சேனா மேடம். நாலா என்று இங்கே சொல்லும் பெரிய சாக்கடை ஒன்றின் ஓரத்தில் இருந்த குடிசைப் பகுதியை அவர் தேர்ந்தெடுத்தார். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து வீட்டு வேலையும் கட்டட வேலையும் செய்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். குளிர்காலத்தில் வெந்நீருக்கு விறகு எரிப்பார்கள். பின்னால் எந்நேரமும் குப்பை எரியும். வீட்டுக்குள் வரும் அந்தப் புகையில் கரித்துகள் எவ்வளவு என்று அளப்பதுதான் என் ஆய்வு.

"நீ தமிழ்ப் பெண்தானே? அவர்களிடம் பேசிவிடுவாயா?" என்று மேடம் கேட்டார்.

"சரளமாக," என்றேன்.

வீட்டுக்கு வந்து, அங்கே போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். இணையத்தில் தேடியபோது 'கருங்கரிமம்' என்று ஒரு சொல் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன்.

"இதைச் சொன்னா நாய்கூடத் திரும்பிப் பாக்காதுடி. அவுகளுக்குப் புரியுற மாதிரி சொல்லு," என்றாள்.

புரியும்படி நானே ஆக்கினேன். காற்றில் இருக்கும் கருப்பு. பேச்சு வழக்கில், காத்து, கருப்பு. இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்றால் அது நல்ல தமிழாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். (தமிழ் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். காத்து கருப்பு என்றால் பேய் பிசாசு என்பது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இன்னொரு முறை சொல்லிக் காட்டியிருக்கலாம். அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

தீபாவளி முடிந்து, தில்லி வானம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்த ஒரு காலையில் போய் இறங்கினேன். தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் கூடியிருந்தார்கள். செருப்புப் பெட்டி அளவிலிருந்த மெஷினைத் தூக்கிக் காட்டினேன். அதில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கு எரியும், உள்ளே பம்ப் ஓடும்போது மெல்ல உறுமும்.

"உங்க வீட்டுல காத்து கருப்பு இருக்கா, எவ்ளோ இருக்குன்னு இது கண்டுபிடிக்கும். ஒரு நாள் வெச்சா போதும். எல்லாத்தையும் பிடிச்சுடும்," என்றேன்.

குடங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என் தமிழில் சொக்கிவிட்டார்கள் என்று எண்ணினேன்.

ராணியம்மா என்று ஒரு வயதான அம்மாள் முன்னால் வந்தார். "உன்ன யாரு பாப்பா அனுப்சது?"

"எங்க மேடம். ரொம்ப பவர் உள்ளவங்க."

"காணிக்க எவ்ளோ?"

காணிக்கை என்றால் கட்டணம் என்று எடுத்துக்கொண்டேன். "எதுவும் வேணாம். ஃப்ரீ. பம்ப மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க."

"பம்பையா? பம்பைக்காரங்க எங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

"எல்லாம் உள்ளேயே இருக்கு தாத்தா," என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேன். (பம்பை என்பது அவர்கள் ஊரில் சாமி வரவழைக்க அடிக்கிற மேளம்.)

அன்று என் பின்னால் திரண்ட ஜனத்தைப் பார்த்திருந்தால் எந்த அரசியல்வாதிக்கும் வயிறு எரிந்திருக்கும். வகுப்பில் மற்றவர்கள் ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். எனக்கு, "எங்க வூட்டுக்கு எப்ப வருவ?" என்று சண்டை. மெஷினை வைக்கப் போகும் வீட்டில் தரையை மெழுகி வைத்திருந்தார்கள். எடுக்கப் போகும்போது அதற்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், சில நாள் சாமந்தி மாலை. ஒரு வீட்டில் கோழியையே நீட்டினார்கள். அறிவியல் கருவிக்கு இத்தனை மரியாதையா என்று பூரித்துப்போனேன். சில அளவீடுகளில் கரித்துகளோடு குங்குமமும் சேர்ந்து வந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. மேடம், "மக்களோடு இப்படிப் பழகத் தெரிய வேண்டும்," என்று மற்ற மாணவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கே எனக்கு நெருக்கமாகிப்போனவர் செல்வி அக்கா. அவருக்கு மூச்சிரைப்பு. பல வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, பேசுவதற்கே மூச்சைச் சேர்த்துக்கொள்வார். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரை எல்லோரையும் போல அவரும் பம்பு என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் ஒரு நாள் ஓடிய மெஷினைத் திறந்து, உள்ளே வைத்த வட்டத் தாளை வெளியே எடுத்தேன். வெள்ளையாகப் போனது கன்னங்கரேலென்று வந்தது.

செல்வி அக்கா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "இவ்ளோவா?"

"ஆமாக்கா. இவ்ளோவும் உங்க நெஞ்சுக்குள்ளதான் போயிட்டு இருந்துச்சு."

"இப்ப இதுல வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"இத எங்க எடுத்துனு போவ?"

"லேப்ல ஃப்ரீசருக்குள்ள வெச்சுப் பூட்டிடுவோம்."

அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறிவியல் விழிப்புணர்வு என்று அதைத்தான் நான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, எங்கள் ஆய்வுக்கு நிதி கொடுத்த வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மக்கள் ஆதரவு அமோகம் என்று கேள்விப்பட்டு நேரில் பார்க்க வந்தவர். மேடம் பட்டுப்புடவையில், நான் ஊரிலிருந்து வந்த சுங்குடியில், நடுவில் முகக்கவசம் மாட்டிய விருந்தாளி என்று மூவரும் சந்துக்குள் நுழைந்தோம்.

எதிரே முருகேசன் வந்தார். செல்வி அக்காவின் கணவர். வழக்கமாக என்னைக் கண்டால் தலையில் கட்டிய துண்டை அவிழ்ப்பார். (படிப்புக்குக் கிடைக்கும் மரியாதை என்று எண்ணியிருந்தேன்.) அன்று அவிழ்க்கவில்லை.

"அந்தப் பொட்டி எங்க?"

"எந்தப் பொட்டிண்ணா?"

"அவகிட்ட இருந்து புடிச்சத போட்டு எடுத்துனு போனியே. தொறந்து வெளிய வுட்டுட்டியா?"

"இல்லண்ணா, லேப்ல பூட்டி பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருந்தா அவளுக்கு ஏன் மறுபடி இழுக்குது? காலையில மூஞ்சியெல்லாம் நீலமாயிடுச்சி. ஆட்டோல போட்டுத் தூக்கினு ஓடினோம். ஆஸ்பத்திரியில கெடக்குறா."

"அவங்க பம்பு அடிக்கலையா?"

"எந்தப் பம்பு? நீதான் பெரிய பம்ப வெச்சி அத்தனையும் எடுத்துட்டியே. கருப்பு போயிடுச்சி, இனிமே இன்னாத்துக்கு இதுன்னு அவ அத நிறுத்திட்டா."

கருப்பு. அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. எலுமிச்சம்பழம், கோழி, கண்ணில் ஒற்றிய கை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "அண்ணா, அது பேய் இல்ல," என்றேன். "புகை. அடுப்புப் புகை, குப்பை எரிக்கிற புகை. அதோட கரி. அவ்வளவுதான்."

ராணியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீ பூசாரி இல்லியா?"

"இல்லம்மா. ஸ்டூடண்ட்."

அந்தச் சொல்லை அதற்கு முன்னும் பின்னும் அத்தனை அவமானத்தோடு நான் சொன்னதில்லை.

முருகேசன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி. புகைன்னே வெச்சிக்க. அத எப்ப எடுப்ப?"

"எடுக்க முடியாதுண்ணா. எவ்ளோ இருக்குன்னு அளப்போம்."

"அளந்து?"

"எழுதுவோம்."

"எழுதி?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தமிழ் தெரியாத நிம்மதியில் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"பூசாரின்னா வேப்பலயால ரெண்டு அடியாவது அடிச்சிட்டுப் போவான்," என்றார் முருகேசன்.

விருந்தாளி ஆவலாக, அவர் என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். ஆய்வின் அடுத்த கட்டம் என்ன என்று மக்கள் அறிய விரும்புகிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். (என் மொழிபெயர்ப்புகளிலேயே பிழையில்லாதது அதுதான்.) அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் முருகேசனைப் பார்த்துக் கைகூப்பி, "நமஸ்தே," என்றார். முருகேசன் மரியாதை தெரிந்த மனிதர். அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போனார்.

அன்று மதியம் நானும் போனேன். ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் படுக்கிற வார்டு. செல்வி அக்கா முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்தார்கள். நான் அழ ஆரம்பித்ததும் அதை விலக்கிக்கொண்டு, "நீ ஏன் பாப்பா அழுவுற? மொத தடவ பூராவும் போகல போல. இன்னொரு தடவ வெச்சிப் பாரேன்," என்றார்.

எனக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் போட்டு விளக்கினேன். பம்பை மட்டும் எப்போதும் நிறுத்தக் கூடாது என்று கெஞ்சினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இது பேய் இல்ல."

"இல்லக்கா."

"அப்ப போவாது," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார், பம்போடு. அதன் பிறகு யாரும் என்னை வீட்டுக்குள் விடவில்லை. நடந்ததை மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர், எண்கள் எண்கள்தான், அவை சரியாகத்தானே இருக்கின்றன என்றார். என் ஆய்வேட்டில், பங்கேற்பாளர்களுக்கு அவர்களது தாய்மொழியிலேயே ஆய்வின் நோக்கம் தெளிவாக விளக்கப்பட்டது என்று ஒரு வரி அப்படியே இருக்கிறது. எனக்கு முதல் வகுப்புக் கிடைத்தது.

பிற்பாடு அந்தக் குடிசைகளை இடித்துவிட்டார்கள். சிலருக்கு நகரத்தின் ஏதோ ஒரு கோடியில் வீடு கிடைத்தது, சிலருக்கு அதுவும் இல்லை. செல்வி அக்கா எங்கே போனார் என்று விசாரித்தேன். ஊருக்கு என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர். அந்த இடத்துக் காற்றைப் பற்றிய என் கட்டுரை அதற்கப்புறம்தான் ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். செல்வி அக்காவின் கதைக்கு அம்மா கண்ணைத் துடைத்தாள். அப்பா அதுவரை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, கோழி வந்த இடத்தை நினைத்து நினைத்துச் சிரித்துப் புரையேறினார். அன்று முதல் வீட்டில் என் பெயர் கோடாங்கி. எங்கள் ஊர்ப் பக்கம் உடுக்கடித்துக் குறி சொல்லிப் பேயோட்டுகிறவருக்கு அதுதான் பெயர். நவம்பர் வந்தால் ஊரிலிருந்து யார் போன் செய்து தில்லிப் புகையைப் பற்றிக் கேட்டாலும், "இரு, கோடாங்கிகிட்டயே குடுக்குறேன்," என்று அப்பா என்னிடம் நீட்டிவிடுவார்.

இப்போது எனக்கு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. காற்றைப் பற்றி அறிக்கை எழுதுகிறேன். அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். போன வருஷம் எனக்கு நிச்சயதார்த்தம். பொண்ணுக்கு என்ன உத்தியோகம் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார்.

"கோடாங்கிங்க," என்றார் அப்பா. "ஆனா பேயை ஓட்ட மாட்டா. எத்தனை அடி உசரம்னு மட்டும் அளந்து சொல்லுவா."

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சம்பளம் நன்றாகத்தான் கொடுக்கிறார்கள்.