தளபதிக்குப் போன என் நட்சத்திரம்

‘முகடு’ மாத இதழ் ஆசிரியர் சுமன் அவர்களுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து சவுந்தரநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி சிவமணியும் சுகம். என் மனச்சுகத்தைக் கெடுத்தவர் தாங்கள்தான் என்றாலும், தங்கள் நலத்துக்கும் வேண்டுகிறேன்.

மந்திரமும் போருமாக நான் எழுதிய மாயப்போர் நாவலை, ‘பாத்திரங்களில் வளர்ச்சி இல்லை’ என்று திருப்பி அனுப்பினீர்கள். சரி. ஆனால் கொட்டாஞ்சேனை றேமண்டின் மாயப்போர்த் தொடரைப் போடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஹோட்டல் ஸ்டோர்ஸில் அரிசி பருப்பு அளந்து ஓய்வு பெற்றவன். என் படை நகர்ந்தால் பின்னால் சோற்று வண்டி வரும், குதிரைக்குப் புல் வரும், செருப்புத் தைக்க ஆள் வரும். றேமண்டின் படை ஒரே இரவில் மலை தாண்டுகிறது. ஒருத்தன் தண்ணி குடிக்கேல்லை! இரும்புக் கவசத்தோட ஆறு நீந்துறாங்கள்! எனக்குச் சந்தைக்குப் போய் வந்தாலே முழங்கால் பிடிக்குது.

இதைச் சிவமணிக்கு விளக்கினால், “உங்கட ஆமிக்காரர் நல்லாச் சாப்பிடினம் அப்பா, ஆனா ஒருத்தரையும் எனக்குத் தெரியாது” என்கிறாள். றேமண்டின் தளபதி மகிழ்மாறனை மட்டும் நன்றாகத் தெரியுமாம். போன இதழில் அவனுக்கு அம்பு பட்டதும் புட்டை அடுப்பில் விட்டுவிட்டு அழுதாள். என் நாவலில் ஒரு படையே செத்ததை வாசித்துக் காட்டினேன். “உப்புக் காணுமோ பாருங்கோ” என்று கரண்டியை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில்தான் என் வயிறு முழுதாக எரிந்தது. அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டார். “மகிழ்மாறன்” என்றாள். நட்சத்திரம் கேட்டார். கொஞ்சம் யோசித்து, “பூரட்டாதி” என்றாள். அது என்ர நட்சத்திரம், ஐயா! கதையில வாற ஒருத்தனுக்கு என்ர நட்சத்திரத்தில அர்ச்சனை! ஏனென்று கேட்டால், “உங்களுக்கு என்ன குறை? அந்தப் பிள்ளையெல்லோ அம்போட கிடக்குது” என்கிறாள். எனக்கு இருமல் வந்தபோது கொத்தமல்லித் தண்ணீரோடு சரி.

ஆகவே, இராணுவ ஒழுங்கு சிறிதுமற்ற அத்தொடரை உடனே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் அச்சகத்தாருக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். றேமண்டுக்கும் உண்டாகட்டும், கொஞ்சம் பிந்தி.

இங்ஙனம்,
சி. சவுந்தரநாயகம்

பி.கு.: தொடரை நிறுத்த வேண்டாம். இக்கடிதம் எழுதிய சூட்டோடு என் நாவலில் ஓர் அத்தியாயம் கூட்டினேன். படையின் களஞ்சியக்காரன், தன் மனைவி தளபதியைப் புகழ்வதைக் கேட்டுக் கேட்டு, தளபதிக்கு மட்டும் ஒரு கரண்டி சோறு குறைக்கிறான். சிவமணி வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். “பாவமப்பா இந்த மனுசன். அவள் ஒருக்காலாவது அவனைத் திரும்பிப் பாத்திருக்கலாம்” என்றாள். யாரைப் பார்த்து எழுதினேன் என்று கேட்கவில்லை. தயவுசெய்து மகிழ்மாறனைப் பிழைக்க வைக்கச் சொல்லுங்கள். என் களஞ்சியக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் வயிறு எரிய வேண்டியிருக்கிறது.