ஈரல் வருமுன் மூடிய இலை

பயந்துபோன ஒரு தாயின் கையில் செல்போன் இருக்கக் கூடாது. கத்தி இருந்தால்கூட வெங்காயம் நறுக்கிவிட்டுக் கீழே வைத்துவிடுவாள். செல்போன் இருந்தால் வீட்டில் உள்ளவர்களை நறுக்கத் தொடங்கிவிடுவாள். (நான் நறுக்கினேன்.)

என் மகள் பவித்ரா போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தினமும் விடிகாலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்குப் போவாள். ஒருநாள் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தோம். வலி வெறும் வாயுதான். ஆனால் போகிற போக்கில் அந்த ஸ்கேன் இன்னொன்றையும் சொன்னது: ஈரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை.

"பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு மாசம் கழிச்சு வாங்க, சாப்பாட்டைப் பத்தி விவரமாப் பேசுவோம்" என்றார் டாக்டரம்மா.

ஒரு மாதம் பயப்படாமல் இருக்க நான் என்ன மைல்கல்லா? மில் ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்றாலும் நான் பி.எஸ்சி. வேதியியல். அந்தத் தைரியத்தில் செல்போனைத் திறந்தேன். புரதத்தில் இருக்கும் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் ஈரலில் கொழுப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் அதிகமாக இருக்கின்றனவாம். அவை முட்டையில் இருக்கின்றன. பருப்பில், பாலில், கறியில் இருக்கின்றன. என் மகள் ஓடி முடித்துத் தின்னும் ஊறவைத்த கொண்டைக்கடலையிலும் இருக்கின்றன.

இன்னொரு கட்டுரையில், மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைந்ததால் எலிகளுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்தது. வேறொன்றில், அதே மெத்தியோனினைக் குறைத்ததால் எலிகளுக்குக் கொழுப்பு கரைந்தது. எலிகளுக்கே ஒரு முடிவு தெரியவில்லை. நான் முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

முட்டை போனது. பருப்பு போனது. காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி அவல். பவித்ரா வைத்ததைத் தின்றுவிட்டு ஓடப் போனாள். ராணுவத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர்தான் போனில் கேட்டார்: "ஓடுத புள்ளைக்கு முட்டையும் இல்லையா? எங்க மெஸ்ஸுல இப்படிப் போட்டா துப்பாக்கியத் திருப்பிருவானுக."

"உங்களுக்கு லியூசின்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. அது என்னைய ஒண்ணும் செய்யல."

இந்த நிலையில்தான் குலசாமி கோயிலில் கிடா வெட்டு வந்தது. மகாராஜபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்புக்குள் கோயில். வெட்டு தாமதமாகி, சோறு வேக மூன்று மணியாகிவிட்டது. முதல் பந்திக்குச் சாமி கும்பிட்ட குடும்பத்தார் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர்கள், எழுந்தால் உட்காரலாம் என்று முதுகை உரசியபடி நின்றார்கள். வரிசையின் முதலில் எங்கள் சுபேதார் பெரியப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், காது கொஞ்சம் மந்தம். அவருக்குப் பக்கத்தில் பவித்ரா. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் நாலு வாய் சோறு தின்றிருப்பார்கள். என் அண்ணன் முருகேசன் சின்ன வாளியோடு வந்தார். வாளிக்குள் மிளகு போட்டு வறுத்த ஈரல்.

"முதல்ல என் மருமகளுக்கு. ஈரலு கெட்டுக் கெடக்காமே, ஈரலத் தின்னாத்தான் ஈரலு தேறும்."

"அண்ணே, வேண்டாம். அம்புட்டும் அமினோ ஆசிட்."

"ஆசிட்டா? கிடாயக் காலையில வரைக்கும் நாந்தானட்டி மேச்சேன். அகத்திக்கீரைதான் தின்னுச்சு."

கரண்டி இறங்கியது. எனக்குக் கண்ணுக்குள் லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் வரிசையாக வந்தன. குனிந்து பவித்ராவின் இலையைப் பட்டென்று மூடிவிட்டேன்.

எங்கள் பக்கம் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் இலையை மூடினால் பந்தி முடிந்தது என்று பொருள். அதன்பின் யாரும் கை வைக்க மாட்டார்கள். மூடிய இலையைத் திறப்பதும் கிடையாது.

பெரியப்பா பக்கத்தில் பார்த்தார். இலை மூடியிருந்தது. பட்டாளத்தில் பழகியவர், காரணம் கேட்கவில்லை. தன் இலையை மூடினார். அவர் மூடியதைப் பார்த்து, பவித்ராவுக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பா மூடினார். அவருக்கு அடுத்தவர் இன்னொரு சித்தப்பா, ஓய்வு பெற்ற ஏட்டு, அவரும் மூடினார். பட், பட், பட் என்று அந்தக் கடைசி வரை இலைகள் மூடிக்கொண்டே போயின. (வரிசை முழுக்க ராணுவமும் போலீசுமாக இருந்தால் இதுதான் கதி. ஒருவராவது கீழ்ப்படியாதவராக இருந்திருக்கலாம்.) அவர்கள் எழுந்ததுதான் தாமதம், பின்னால் நின்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வாளி ஈரலும் அவர்களுக்கே போனது.

"ஏன் பெரியப்பா மூடுனீய?" என்று அண்ணன் அழாத குறையாகக் கேட்டார்.

"பக்கத்து இலை மூடுச்சு, மூடுனேன். ஏன், இன்னும் இருக்கா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து விரதம் இருந்தவர்கள். ஏட்டு சித்தப்பா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "ஏத்தா வசந்தி, நாங்க என்னத்தா செஞ்சோம்? எங்களுக்கும் ஈரலு சரியில்லையா?"

நான் பம்புசெட் பக்கம் ஓடினேன். அங்கே பவித்ரா கை கழுவிவிட்டுத் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, எனக்குப் பசிக்குதும்மா" என்றாள். "ரொம்ப நாளாப் பசிக்குது. ஓடும்போது காலு நடுங்குது. முன்னால ஓடுன வேகம் இப்ப வரல."

"ஏன்டி சொல்லல?"

"நீ பயந்துபோய் இருந்த. நானும் சாப்பாடு கேட்டா நீ இன்னும் பயப்படுவியேன்னு விட்டுட்டேன்."

அவளுடைய ஈரலைக் காப்பாற்றப் போனவள் நான். அவளோ பட்டினி கிடந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பந்தியில் இருவரும் உட்கார்ந்தோம். ஈரல் தீர்ந்துவிட்டது. அண்ணன் எலும்புக் குழம்பும் கறியுமாக அள்ளி வைத்தார். நான் எலும்பில் ஒட்டிய கறியைப் பிய்த்துப் பிய்த்து அவள் இலையில் வைத்தேன்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். நான் அமினோ அமிலங்களை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரத்தத்துல அது அதிகமா இருக்குங்கிறது வேற, முட்டை சாப்பிட்டா வருதுங்கிறது வேறம்மா. அதுல இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. ஆனா ஈரல்ல சேர்ந்த கொழுப்பை வெளிய அனுப்பவே புரதம் வேணும். அதைச் சுத்தமா நிறுத்துனா கொழுப்பு அங்கேயே தங்கிரும். சரி, பதிலுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஜவ்வரிசிக் கஞ்சி டாக்டர்."

"சீனி போட்டா?"

"சீனியே போடல டாக்டர்" என்றேன் பெருமையாக. "பனங்கற்கண்டுதான், நிறைய."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பவித்ராவிடம் திரும்பி, "ஓடி முடிச்சு என்ன குடிப்பே?" என்றார். அவள் மின்விசிறியைப் பார்த்தபடி, "கூல்டிரிங்க்ஸ்" என்றாள். அதையும் இனிப்பையும் குறைக்கச் சொன்னார். முட்டை, பருப்பு, கடலை எல்லாம் திரும்பி வந்தன. ஓட்டத்தில் தேறினாள். பிற்பாடு எடுத்த ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியிலும் சோறு போடுவதற்கு முன் பெரியப்பா சத்தமாகக் கேட்பார்: "வசந்தி எங்க உக்காந்திருக்கா?" நான் இருக்கும் இடம் தெரிந்தபிறகு, பக்கத்தில் இருப்பவர்கள் இடது கையால் தங்கள் இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள்.

போன மாதம் அண்ணன் பேரனுக்குக் காது குத்து. பவித்ரா ஸ்டேஷனிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் வாளியோடு வந்தபோது, என் இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பப் போடுங்க மாமா. ஆளப் புடிச்சாச்சு."

பந்தியே சிரித்தது. பந்தி முடியும்வரை அவள் என் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.